குலுக்கற சினிமாவில் ஒரு கிரிவலம்

வீட்டில் ஒருவனுக்கு ஏதாவது ஒரு வித்தை அரைகுறையாகத் தெரிந்திருந்தால், மற்றவர்கள் கொஞ்சம் உஷாராக இருப்பது நல்லது. முழுக்கத் தெரிந்தவன் வம்புக்குப் போக மாட்டான். ஒன்றுமே தெரியாதவனால் யாருக்கும் ஆபத்தில்லை. இரண்டுக்கும் நடுவில் நிற்கிறானே, அவன்தான் சொந்தக்காரர்களை உட்காரவைத்துச் சோதனை செய்து பார்ப்பான். எங்கள் வீட்டில் அந்த ஆள் நான்.

அப்போது நான் திருவண்ணாமலையில் கல்யாண வீடியோ எடுத்துக்கொண்டிருந்தேன். செல்போன் எல்லார் கைக்கும் வராத காலம். தோளில் கேமரா ஏறிவிட்டால் எனக்கு நானே டைரக்டர். (தாலி கட்டி முடிந்ததும் மாப்பிள்ளையிடம், "சார், இன்னொரு வாட்டி கட்டுங்க, வெளிச்சம் பத்தல" என்று கேட்டவன் என்று ஊரில் என்னைப் பற்றி ஒரு பேச்சு உண்டு. பொய்யில்லை.) அப்பாவுக்கு என் தொழில்மேல் துளி மரியாதை கிடையாது. பையன் என்ன செய்கிறான் என்று யாராவது கேட்டால், "கல்யாண வூட்ல லைட்டு புடிக்கிறான்" என்பார். நான் எடுத்த ஒரு கேசட்டையும் அவர் பார்த்ததில்லை.

எங்கள் வீடு அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையை ஒட்டியே இருக்கிறது. முன்பக்கம் மளிகைக்கடை, பின்பக்கம் குடித்தனம். பௌர்ணமி என்றால் ஜனங்கள் எங்கள் வாசலை உரசிக்கொண்டு போவார்கள். கடையில் வியாபாரம் சூடு பிடிப்பதே அன்றைக்குத்தான். அன்றைக்குப் பார்த்துத்தான் அப்பா கல்லாவை அம்மாவிடம் விட்டுவிட்டு மலை சுற்றக் கிளம்பிவிடுவார். கூடவே அடுத்த தெரு கோதண்டம் மாமா. (சொந்தமெல்லாம் இல்லை. சேர்ந்து நடந்து நடந்து மாமா ஆனவர்.) எங்கள் வாசலில் ஆரம்பித்து எங்கள் வாசலில் முடிப்பார்கள். நடுவில் உட்கார மாட்டார்கள். பாதியில் விட்டால் சுற்றாததற்குச் சமம் என்பது அப்பாவின் சட்டம். ஆட்டோவில் சுற்றுகிறவர்களைப் பார்த்தால், "புண்ணியமெல்லாம் ஆட்டோவுக்குத்தான் போவும்" என்று அவர்கள் காதில் விழும்படியே சொல்வார். சுற்றி முடித்து வந்ததும் அம்மா ஒரு பேசினில் கல்லுப்பு போட்ட வெந்நீர் வைப்பாள். அப்பா இரண்டு காலையும் அதற்குள் விட்டுக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்திருப்பார். அவர் முகத்தில் திருப்தி என்ற ஒன்றை நான் பார்த்தது அந்த நேரத்தில் மட்டும்தான்.

பிறகு சர்க்கரை வந்தது. கட்டைவிரலில் ஒரு கொப்புளம் வந்தது. அது ஆறவில்லை. வேலூருக்குக் கொண்டுபோனோம். திரும்பி வரும்போது அப்பாவுக்கு வலது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை.

அதற்கப்புறம் அவர் கடைப் பக்கம் வரவேயில்லை. உள்ளறையில் சுவரைப் பார்த்துக் கட்டிலைப் போடச் சொன்னார். கோதண்டம் மாமா பார்க்க வந்தால், தூங்குவதாகச் சொல்லி அனுப்பச் சொல்வார். எத்தனை முறை அப்படிப் பொய் சொன்னோம் என்று நினைத்தால் இப்போதும் மனசு கனக்கிறது. மாமாவும் நம்பியது போலவே தலையாட்டிவிட்டுப் போவார். பௌர்ணமி அன்று கதவு ஜன்னல் எல்லாவற்றையும் சாத்திவிட வேண்டும். சாத்தினாலும் வெளியே போகிறவர்களின் காலடிச் சத்தம் கேட்கும். செருப்பில்லாத கால்கள் தரையில் தேய்கிற சத்தம். அப்பா காதில் துண்டைச் சுற்றிக்கொண்டு படுத்திருப்பார். அம்மா அடுப்படியில் போய் அழுவாள். எனக்கு எங்கே போய் அழுவது என்று தெரியாமல் ஸ்டுடியோவுக்குப் போய்விடுவேன்.

அந்த வருஷம் கார்த்திகை தீபத்தை ஒட்டிப் போட்ட பொருட்காட்சியில் ஒரு புது ஐட்டம் வந்தது. பெரிய தகரக் கொட்டகை. உள்ளே ஒரு இரும்பு மேடை, மேடைமேல் வரிசையாக நாற்காலிகள், எதிரே திரை. திரையில் ஒரு ரயில் பள்ளத்தில் பாயும். அதற்கேற்றபடி மேடை முன்னும் பின்னும் சாயும். வெளியே போர்டில் ஏதோ பெரிய பேர் எழுதியிருந்தது. ஊர் ஜனம் அதற்குக் குலுக்கற சினிமா என்று பேர் வைத்துவிட்டது. அதை நடத்தியவர் பாஷா பாய், வேலூர்க்காரர். திரைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, படத்தைப் பார்த்துக்கொண்டே இரண்டு நெம்புகோல்களை இழுத்து மேடையை ஆட்டுவார்.

நான் முதல் ஆட்டம் பார்த்துவிட்டு வெளியே வந்து, டீக்கடை பெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். தொழில்காரன் என்று தெரிந்ததும் பாஷா பாய் விளக்கினார்.

"சாதா சினிமால செகண்டுக்கு இருபத்துநாலு படம் ஓடுது தம்பி. இத்த எடுத்திருக்கிறதே செகண்டுக்கு அறுபது. படம் ஜாஸ்தியாச்சுன்னா திரைன்னே தெரியாது, ஜன்னல் வழியா பாக்கற மாதிரி இருக்கும். நீ நாற்காலியிலதான் உக்காந்துனு இருக்கற, உன் உடம்பு ஒத்துக்காது. நான் போறேன் போறேன்னு சொல்லும்."

உடம்பு ஒத்துக்காது. அந்த இரண்டு சொல்லும் என் மண்டைக்குள் புகுந்துகொண்டன. உட்கார்ந்திருப்பவனை நடக்கிறோம் என்று நம்பவைக்க முடியுமானால், எனக்கு ஒரு ஆள் இருக்கிறாரே!

திட்டம் இதுதான். கிரிவலப் பாதையைப் படம் எடுப்பது. பாஷா பாய் கொட்டகையில் போட்டு, அப்பாவை உட்காரவைத்துச் சுற்றவைப்பது. ஒரே ஒரு சிக்கல். என் கேமராவில் நொடிக்கு இருபத்தைந்து படம்தான் பதிவாகும். அங்கேதான் என் அரைகுறை அறிவு விழித்துக்கொண்டது. எடுத்ததை இரண்டு மடங்கு வேகத்தில் ஓட்டினால் ஐம்பது ஆகிவிடுமே! வேகமாக ஓட்டினால் நடை ஓட்டமாகத் தெரியாதா? தெரியும். அதனால் எடுக்கும்போதே பாதி வேகத்தில் போய்விட வேண்டும். காட்டும்போது கணக்கு சரியாகி, மனுஷன் நடக்கிற வேகம் வந்துவிடும். இதைக் கண்டுபிடித்த அன்று எனக்கு ராத்திரிச் சோறு இறங்கவில்லை, அவ்வளவு பெருமை.

கடைக்குச் சரக்கு ஏற்றும் மூன்று சக்கர வண்டியில், அப்பாவின் கண் உயரத்துக்குக் கேமராவைக் கட்டினேன். எங்கள் வாசலில் ஆரம்பித்து, ஆமைக்கே கொட்டாவி வரும் வேகத்தில் மலையைச் சுற்றி வண்டியைத் தள்ளினேன். ஏதோ வேண்டுதல் என்று நினைத்து ஜனங்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். ஒரு அம்மா கேமராவுக்கு முன்னால் இரண்டு வாழைப்பழம் வைத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

ஸ்டுடியோ கம்ப்யூட்டரில் தேவையான இடங்களை வெட்டிச் சேர்த்து, கொஞ்சத்தைப் பாஷா பாய் கொட்டகையில் ஓட்டிப் பார்த்தோம். வாயு லிங்கத்துக்கு அந்தப் பக்கம் ஆளில்லாத ஒரு இடம். மரங்கள், அதற்குப் பின்னால் மலை. நான் எத்தனையோ கல்யாணம் எடுத்திருக்கிறேன், இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. புளியமரத்தின் ஒவ்வொரு இலையும் தனித்தனியாகத் தெரிந்தது. மலை நகர்ந்து நகர்ந்து கூடவே வந்தது. பாஷா பாய் மேடையை லேசாக, நடை போலவே, இடமும் வலமும் அசைத்தார். (மரமும் மலையும் நடக்காது என்பதும், நடக்கிற எதுவும் அந்தத் துண்டில் இல்லை என்பதும் அப்போது உறைக்கவில்லை.)

வீட்டுக்கு ஓடிவந்து அப்பாவிடம் சொன்னேன். அவர் சுவரைப் பார்த்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார்.

"உள்ள இருட்டா இருக்கும்பா. நம்ம வூட்டு ஆளுங்கதான். யாரும் பாக்க மாட்டாங்க."

பிறகு கேட்டார்: "நம்ம வாசல்லதான் ஆரம்பிக்குதா?"

"ஆமாம்பா."

"சரி."

அம்மா வேகமாக அடுப்படிக்குப் போய்விட்டாள்.

காலையில் பொருட்காட்சி திறப்பதற்கு முன்பே போய்விடுவதாக ஏற்பாடு. கம்ப்யூட்டரை மூன்று சக்கர வண்டியில் ஏற்றி முதலிலேயே கொண்டுபோய் மேடை ஓரத்தில் வைத்துவிட்டேன். அப்பாவும் அம்மாவும் ஆட்டோவில் வந்தார்கள். அப்பா தலையோடு துண்டு போர்த்தியிருந்தார். ஆட்டோ கொட்டகை முன்னால் நின்றபோது பார்த்தால், வாசலில் ஒரு கூட்டமே நின்றது. பாஷா பாய் முதல் நாளே மைக்கில் சொல்லிவிட்டாராம், உட்கார்ந்தபடியே கிரிவலம் என்று. ஜனங்கள் குளித்து, விபூதி பூசிக்கொண்டு வந்திருந்தார்கள். செருப்பெல்லாம் வெளியே ஒரு குவியலாகக் கிடந்தது.

"நல்ல காரியம் தம்பி, நாலு பேரு பாக்கட்டுமே" என்றார் பாஷா பாய், கபடமே இல்லாமல்.

அப்பா என்னைப் பார்த்த பார்வை இன்னும் என்மேல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. "வண்டியைத் திருப்பச் சொல்றா" என்றார்.

அந்தக் கூட்டத்திலிருந்து கோதண்டம் மாமா வந்தார். கால் இல்லாத பக்கம் மடித்துச் செருகியிருந்த வேட்டியை அவர் பார்க்கவே இல்லை. அப்பாவின் முகத்தை மட்டும் பார்த்தார். நேற்றுப் பார்த்துப் பேசிப் பிரிந்த ஆள் போலக் கையை நீட்டினார்.

"இன்னாண்ணே, லேட்டு? வா, சுத்திட்டு வந்துரலாம்."

அப்பா துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு அந்தக் கையைப் பிடித்தார்.

உள்ளே எல்லாருக்கும் பெல்ட் மாட்டினோம். அப்பாவுக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் கோதண்டம் மாமா, பின்வரிசையில் அம்மா. விளக்கு அணைந்தது. திரையில் எங்கள் வாசல் வந்தது. மலை வந்தது. அப்பா பெருமூச்சு விட்டது கேட்டது. திரை வெளிச்சத்தில் குனிந்து பார்த்தேன். அவருடைய இடது கால் மெல்ல மேடையில் எழுந்து எழுந்து தட்டியது. அது தட்டாத நேரத்தில் வலது பக்கம், மடித்துச் செருகிய வேட்டியின் நுனி அசைந்தது. இடது, வலது, இடது, வலது. என் அப்பா நடந்துகொண்டிருந்தார். எனக்குக் கண்ணில் நீர் முட்டிவிட்டது. அந்த நிமிஷம் படம் நின்றிருந்தால் நான் உலகத்திலேயே பெரிய டைரக்டர்.

படம் நிற்கவில்லை. குபேர லிங்கம் வந்தது, கூடவே ஜனங்களும் வந்தார்கள். நான் வண்டியைப் பாதி வேகத்தில் தள்ளினேன், சரி. ஊர் பாதி வேகத்தில் நடக்கவில்லையே! சாமியார்கள் காவித்துணி பறக்க ஓடினார்கள். ஒரு மூதாட்டி கைத்தடியோடு எங்களைத் தாண்டிப் பறந்தார். பூக்காரம்மா தறி ஓட்டும் வேகத்தில் பூக்கட்டினார். ஒரு மாடு சாணி போட்ட வேகத்தைச் சொல்லாமல் விடுகிறேன்.

"ஏண்டா, எல்லாம் ஓடறானுங்க? மழை வருதா?" என்றார் அப்பா.

"வேகமாப் போறாங்கப்பா."

"நம்மள யாரும் முந்தினதில்லையேண்ணே!" என்று கோதண்டம் மாமா கவலைப்பட்டார்.

ஜனங்கள் ஓடுவதைப் பார்த்த பாஷா பாய், இது ஓட்டக் காட்சி என்று முடிவு செய்து நெம்புகோலை வேகமாக இழுக்க ஆரம்பித்தார். மேடை முறத்தில் போட்டுப் புடைப்பது போலக் குதித்தது. ஈசானிய லிங்கம் தாண்டி ஊருக்குள் திரும்பியதும், திரை முழுக்க ராஜகோபுரம் எழுந்தது. நொடிக்கு ஐம்பது படத்தில், நேரில் நிற்பது போலவே நின்றது.

கோபுரத்தைப் பார்த்தால் எங்கள் ஊர்க்காரன் உட்கார்ந்திருப்பானா? பட் பட்டென்று பெல்ட்டுகள் கழன்றன. கொட்டகையே எழுந்து, இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கி, "அண்ணாமலையாருக்கு அரோகரா!" என்றது. நானும்தான். அறிவு இருந்தால் கம்பியையாவது பிடித்திருப்பேன். முன்வரிசையில் ஒரு அம்மா நின்ற இடத்திலேயே தன்னைத்தானே சுற்ற ஆரம்பித்தார். இன்னொருவர் மடியிலிருந்து கற்பூரத்தை எடுத்துக் கைப்பிடியில் வைத்து ஏற்றினார். அதே நேரம் பார்த்துப் படம் தேரடித் தெருவுக்குத் திரும்ப, பாஷா பாய் மேடையை ஒருபக்கமாகச் சாய்த்தார்.

அரோகரா அப்படியே அய்யய்யோ ஆனது. மொத்தப் பேரும் ஒரு மூலையில் போய் விழுந்தோம். என்மேல் கோதண்டம் மாமா, அவர்மேல் யார் யாரோ. "நெருப்பு! நெருப்பு!" என்று கத்திக்கொண்டு பாஷா பாய் மெயின் சுவிட்சை இறக்கினார். படம் போனது. மேடை சாய்ந்தபடியே நின்றுவிட்டது. இருட்டில் முனகலும், யாருடைய கால் யாருடையது என்ற சண்டையும்தான் கேட்டன.

பாஷா பாய் டார்ச் அடித்தார். காலிருந்த அத்தனை பேரும் மூலையில் குவியலாகக் கிடந்தோம். எழுந்து நிற்க முடியாத ஒரே ஆள் பெல்ட்டோடு தன் நாற்காலியிலேயே இருந்தார். கைகள் இரண்டும் தலைக்குமேல் கூப்பியபடி இருந்தன.

"எழுந்திருங்க எல்லாரும்" என்றார் அப்பா. "இன்னும் பாதி பாக்கி கீது."

படம் மறுபடி ஓடவில்லை. கம்ப்யூட்டர் மேடையோடு சரிந்து, உயிரை விட்டிருந்தது. நான் வெளியே வந்து மண்ணில் உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டேன். ஊருக்கெல்லாம் அவரைக் காட்டியும் விட்டேன், கிரிவலத்தையும் கெடுத்துவிட்டேன் என்று வாய்விட்டே அழுதேன். கோதண்டம் மாமா தாங்கிப் பிடித்து அப்பாவை வெளியே கொண்டுவந்தார்.

"ஆட்டோ கூப்புடறேன்பா, வூட்டுக்குப் போயிரலாம்."

"பாதில வுட்டுட்டா? கோபுரத்துகிட்ட நிக்குது. வாசல்ல முடிக்கணும்." அவர் கண் மூன்று சக்கர வண்டியின் மேல் போனது. "அதுல ஏத்து."

சரக்கு வண்டியில், பட்டப்பகலில், அப்பாவை உட்காரவைத்து, ராஜகோபுரத்திலிருந்து எங்கள் வீடுவரை நானும் கோதண்டம் மாமாவும் தள்ளினோம். அம்மா பின்னாலேயே வெறுங்காலோடு வந்தாள். கடைக்காரர்கள் எழுந்து பார்த்தார்கள். தெரிந்தவர்கள் நின்று விசாரித்தார்கள். அப்பா முதலில் வேட்டியை இழுத்து இழுத்து மூடிக்கொண்டே வந்தார். செங்கம் ரோட்டில், ஆசிரமம் தாண்டி, வெள்ளைக்காரர் ஒருவர் எதிரே வந்தார். தாடியோடு வண்டியில் உட்கார்ந்திருந்த அப்பாவையும் வியர்வையில் நனைந்த சீடர்களான எங்களையும் பார்த்துப் பெரிய மகான் என்று முடிவு செய்துவிட்டார். ஓடிவந்து அப்பாவின் பாதத்தைத் தொட்டார். இன்னொரு பாதத்தைத் தேடினார்.

அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். "இன்னொன்னு ஏற்கெனவே மோட்சத்துக்குப் போயிடுச்சின்னு சொல்றா அவருகிட்ட."

கோதண்டம் மாமாவுக்குச் சிரிப்பு வெடித்து, வண்டியை விட்டுவிட்டார். அப்பாவும் சிரித்தார். அந்தக் காலைப் பற்றி அவர் பேசியது அதுதான் முதல் தடவை. அதற்கப்புறம் அவர் வேட்டியை இழுத்து மூடவில்லை. வலது பக்கம் மலையைப் பார்த்தபடியே வந்தார்.

வாசலில் இறக்கினோம். அப்பா கட்டிலில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

"கால் வலிக்குது. வெந்நீ வை."

அம்மா அவரை உற்றுப் பார்த்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"எந்தக் காலுங்க?"

"ரெண்டும்."

அம்மா அதே பேசினை எடுத்து வந்தாள், கல்லுப்பு போட்டாள். இடது காலை வெந்நீரில் வைத்துத் தேய்த்துவிட்டாள். பிறகு ஒரு சொம்பில் மொண்டு, வலது கால் இருந்திருக்க வேண்டிய இடத்தில் நிதானமாக ஊற்றினாள். தண்ணீர் நேராகப் பேசினில் விழுந்தது. அப்பா, "ஆங், அங்கதான்" என்றார். நான் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு தேம்பினேன்.

மறுநாள் காலையில் கடையில் உட்கார்ந்துகொண்டு என் படத்துக்கு விமர்சனம் சொன்னார்: "படம் நல்லாத்தான் எடுத்திருக்கான். ஆளுங்கதான் சரியா நடக்கல."

அடுத்து வந்த பௌர்ணமிகளில் கதவைச் சாத்தவில்லை. போகிறவர்களைப் பார்த்துக்கொண்டு கல்லாவில் இருந்தார். கோதண்டம் மாமா, "சுத்திட்டு வந்துடறேண்ணே" என்று சொல்லிக்கொண்டு போவார், திரும்பி வந்து பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் ஒப்பிப்பார். அடுத்த தீபத்தை அப்பா பார்க்கவில்லை. சிறுநீரகமும் போய்விட்டது. எங்கள் வாசலிலிருந்தே எடுத்துக்கொண்டு போனோம்.

எங்கள் வீட்டில் இன்றைக்கும் யாரும் கால் வலி என்று சொல்லிவிட முடியாது. சமையலறையிலிருந்தோ மாடியிலிருந்தோ உடனே குரல் வரும்: "எந்தக் காலு?" வலிக்கிறவர், "ரெண்டும்" என்று சொல்லியே ஆக வேண்டும். தாத்தாவைப் பார்த்தேயிராத என் மகள் பள்ளிக்கூடப் பையைப் போட்டுவிட்டு இதைத்தான் சொல்கிறாள். குலுக்கற சினிமா கதையை என்னைவிட நன்றாக, கையைக் காலை ஆட்டிச் சொல்வாள். அதில் நான் சர்க்கஸ் கோமாளி.

கொஞ்ச நாளைக்கு முன்பு அம்மாவை மூட்டுவலிக்காக வேங்கிக்காலில் ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனேன். சின்ன வயசு டாக்டர். ரொம்ப மரியாதையாகக் கேட்டார்.

"எந்தக் கால்மா வலிக்குது?"

அம்மா என்னைப் பார்த்தாள். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு நிற்கவில்லை, பார்த்துக்கொண்டிருக்கும்போதே அழுகையாக மாறியது. டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, பதற்றத்தோடு என் முகத்தைப் பார்த்தார்.

"ரெண்டும்" என்றாள் அம்மா.

டாக்டர் இரண்டு காலுக்கும் எக்ஸ்ரே எழுதினார். அம்மாவுக்கு வலிப்பது வலது கால் மட்டும்தான். நான் சீட்டை வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.